மகள் நன்றாக இருக்கிறாள், ரிப்போர்ட்டில் சி3 குறைந்திருக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் லூபஸ் (நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) என்று உறுதியானது. அப்போது காய்ச்சல், மூட்டு வலி, கன்னத்தில் சிவப்பு எல்லாம் இருந்தது. சிறுநீரகத்தில் பாதிப்பு இல்லை என்றார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மைக்கோஃபெனோலேட், தினம் 5 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுக்கிறாள். கடந்த மூன்று முறையும் சி3 அளவு 102, 98, 96 என்று இருந்தது. இப்போது 71. சி4 அளவு 13-லிருந்து 7 ஆகிவிட்டது. ஆன்டி டிஎஸ் டிஎன்ஏ 45-லிருந்து 180. இந்த முறை வேறு லேப்பில் எடுத்தோம். ஈஎஸ்ஆர் 38, சிஆர்பி நார்மல், யூரினில் புரோட்டீன் 'ட்ரேஸ்'. ஆனால் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள், விளையாடுகிறாள். மருத்துவர் 'மருந்தை மாற்ற வேண்டாம், 4 வாரம் கழித்து மறுபடி பார்ப்போம்' என்கிறார். நாங்கள் தூக்கமில்லாமல் இருக்கிறோம். ஏஎன்ஏ இன்னும் 1:1280 என்றே வருகிறது, அதை மாதாமாதம் எடுக்கலாமா என்று என் கணவர் கேட்கிறார். 7 வயது மகனுக்கும் ஒரு முறை டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நீங்கள் தூங்க வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ரிப்போர்ட் 'நோய் திரும்பிவிட்டது' என்று சொல்லவில்லை. 'கிட்டப் போய்ப் பார்' என்று சொல்கிறது. உங்கள் மருத்துவர் மருந்தை ஏற்றாமல், அதே சமயம் சீக்கிரமே மறுபடி பார்க்கலாம் என்று சொன்னதை அலட்சியமாக நினைக்காதீர்கள். குழந்தையை நேரில் பார்த்து, மூட்டையும் தோலையும் சோதித்து, அதன் பிறகு எடுத்த முடிவு அது. நான் அவளைப் பார்க்கவில்லை. கையில் இருப்பது நீங்கள் அனுப்பிய எண்கள் மட்டும்தான். அந்த எண்கள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை விளக்குகிறேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் 4 வாரம் காத்திருக்க மாட்டேன். அது சிறுநீர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சி3, சி4 இரண்டும் காம்ப்ளிமென்ட் எனப்படும் புரதங்கள். கிருமியைத் தாக்க உடல் எப்போதும் ரத்தத்தில் வைத்திருப்பவை. லூபஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்த செல்களின் உட்கருவில் இருக்கும் பொருட்களுக்கு எதிராக எதிர்ப்பொருட்களை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருட்கள் இலக்கோடு சேர்ந்து கட்டிகட்டியாகி ரத்தக்குழாய்களிலும் சிறுநீரக வடிகட்டிகளிலும் போய்ப் படிகின்றன. படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் தூண்டப்பட்டுச் செலவாகிறது. வீட்டுக் கையிருப்புப் பணம் மாதிரிதான் இது. வரவைவிடச் செலவு கூடினால் கையிருப்பு குறையும். ஆகவே சி3 குறைந்திருந்தால் உள்ளே எங்கோ செலவு நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். எங்கே என்பதை அந்த எண் சொல்லாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. காய்ச்சலோ தொற்றோ வந்தால் கல்லீரல் சி3 உற்பத்தியைக் கூட்டிவிடும். அப்போது செலவு நடந்துகொண்டிருந்தாலும் எண் நார்மலாகத் தெரியலாம். சளி, காய்ச்சல் இருக்கும்போது எடுத்த சி3-ஐ வைத்து நான் நிம்மதி அடைவதில்லை. சி4 கதை வேறு. அதன் மரபணு எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குப் பிறவியிலேயே சி4 குறைவாக இருக்கும், நோய் முழுதும் அடங்கிய பிறகும் அது ஏறாது. அப்படிப்பட்ட குழந்தையின் சி4 குறைவைப் பார்த்து மருந்தை ஏற்றிக்கொண்டே போவது பெரிய அநியாயம். உங்கள் மகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முன்பு 13 வரை இருந்தது, இப்போதுதான் இறங்கியிருக்கிறது. சி3-யும் கூடவே இறங்கியிருக்கிறது. இரண்டும் ஒன்றாக இறங்கினால் அதை நான் நம்புவேன்.

லேப் மாறியது பற்றி நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. பெரும்பாலான பெற்றோர் அதைச் சொல்லவே மாட்டார்கள். சி3, சி4 அளவுகள் லேப்புக்கு லேப் கொஞ்சம் மாறும், ஆனால் 96 என்பது 71 ஆகும் அளவுக்கு லேப் மாற்றம் மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம். டிஎன்ஏ-வுக்கு எதிரான எதிர்ப்பொருளை அளக்கும் ஆன்டி டிஎஸ் டிஎன்ஏ அப்படியல்ல. எலைசா என்ற ஆய்வக முறையில் ஒரு கம்பெனி கிட்டுக்கும் இன்னொரு கம்பெனி கிட்டுக்கும் அலகே வேறாக இருக்கலாம். கிரிதிடியா என்ற நுண்ணுயிரை வைத்துச் செய்யும் முறையில் விடை வேறு வடிவத்தில் வரும், அது 1:10, 1:20 என்ற மாதிரி இருக்கும். எனவே பழைய லேப்பின் 45-ஐயும் புது லேப்பின் 180-ஐயும் நேருக்கு நேர் வைத்து 'நான்கு மடங்கு ஏறிவிட்டது' என்று கணக்குப் போட முடியாது. புது லேப் ரிப்போர்ட்டில் நார்மல் அளவு எதுவரை என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். அடுத்த முறை பழைய லேப்பிலேயே எடுங்கள். இனிமேல் முடிந்தவரை லேப்பை மாற்றாதீர்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் லூபஸில் ஒரு தனி எண்ணுக்கு மதிப்பு குறைவு. ஒரே குழந்தை, ஒரே லேப், ஒரே முறை, மாதங்கள் போகப் போக எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சரி, ரத்தத்தில் இப்படி, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு விதமாக இருக்கலாம். சில குழந்தைகளுக்கு ஆன்டி டிஎஸ் டிஎன்ஏ உயர்ந்தும் சி3 குறைந்தும் இருந்தபடியே வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போகும். வேறு சிலருக்கு இந்த மாற்றம் வந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் எழும்பும். இந்த நிமிடத்தில் உங்கள் மகள் எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. அடிக்கடி பார்ப்பது ஒன்றுதான் வழி.

எண் கெட்டதுமே ஸ்டீராய்டைக் கூட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். அப்படிச் செய்யும் மருத்துவர்களும் உண்டு, பெரியவர்களிடம் அது சில நேரம் நோய் எழும்புவதைத் தடுத்தும் இருக்கிறது. நான் குழந்தைகளிடம் அதைச் செய்யத் தயங்குவேன். 13 வயது என்பது உயரம் கூடும் வயது, எலும்பு வலுப்படும் வயது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும் வயது. தேவையே இல்லாத ஸ்டீராய்டின் விலையை அவள் பல வருடம் கொடுப்பாள். உறுப்பில் பாதிப்பு தெரிந்தால் அரைநாள்கூடத் தயங்காமல் கொடுக்க வேண்டும். எண்ணுக்காக மட்டும் என்றால் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

எதைத் தேடுவது? முக்கியமாகச் சிறுநீரகத்தை. குழந்தைப் பருவத்தில் தொடங்கும் லூபஸ் பெரியவர்களுடையதைவிடக் கடுமையானது. ஏறத்தாழ பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ ஒரு கட்டத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. அதிலும் பெரும்பாலும் நோய் தெரிந்த முதல் இரண்டு வருடங்களுக்குள். உங்கள் மகள் ஒன்றரை வருடத்தில் நிற்கிறாள். சிறுநீரகம் வலிக்காது. வீக்கம் தெரிவதற்கு முன்பே, பிள்ளை ஓடி ஆடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அழற்சி தொடங்கிவிடலாம். சி3, சி4 குறைவும் ஆன்டி டிஎஸ் டிஎன்ஏ உயர்வும் சேர்ந்து வருவது சிறுநீரகத்தின் தீவிர வகை அழற்சிகளில் வழக்கமாகக் காணும் ஒரு சேர்க்கை. இதனால்தான் சிறுநீருக்கு நான்கு வாரம் வேண்டாம் என்றேன்.

'ட்ரேஸ்' என்பது தாளை முக்கிப் பார்த்துச் சொல்லும் தோராயமான விடை. தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீர் அடர்த்தியாக இருந்தாலே ட்ரேஸ் வரும். அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். இந்த வாரமே புரோட்டீன் கிரியாட்டினின் விகிதம் என்ற டெஸ்ட்டைக் கேளுங்கள், கூடவே நுண்ணோக்கியில் சிறுநீர் பரிசோதனையும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுக்க வேண்டும். பதின்ம வயதில் நாள் முழுக்க நின்று நடந்தால் புரோட்டீன் கொஞ்சம் கசிவது சாதாரணம், படுத்து எழுந்த பின் முதல் சிறுநீரில் அது இருக்காது. முதல் நாள் இரவு படுக்கப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களிலும் அதையொட்டிய ஓரிரு நாட்களிலும் கொடுக்காதீர்கள், சிவப்பணு தெரிந்து எல்லோரையும் கலங்கடிக்கும். விகிதம் 0.2-க்குக் கீழே இருந்தால் நார்மல். 0.5-ஐத் தாண்டி, மறுபடி எடுத்தாலும் அப்படியே வந்தால் சிறுநீரக பயாப்ஸி (ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) பற்றி மருத்துவர் பேசுவார். இடையில் இருந்தால் குறுகிய இடைவெளியில் திரும்பப் பார்க்க வேண்டும். சிறுநீரில் சிவப்பணுக்களோ, செல்கள் சேர்ந்த குழல் வடிவப் படிவுகளோ இருந்தால் புரோட்டீன் குறைவாக இருந்தாலும் பேச்சு மாறும்.

பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து தள்ளிப் போடாதீர்கள். எந்த வகைப் பாதிப்பு, எவ்வளவு தீவிரம், எந்த மருந்து என்பதை எந்த ரத்தப் பரிசோதனையாலும் அந்த அளவுக்குச் சொல்ல முடியாது. சவ்வு வகை எனப்படும் ஒரு சிறுநீரகப் பாதிப்பில் சி3 நார்மலாகவே இருப்பதும் உண்டு. ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சிறுநீரைப் பார்க்காமல் விடுவது, என் பார்வையில், குழந்தை லூபஸில் செய்யக்கூடாத முதல் காரியம்.

ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர் கை அளவுப் பட்டை வேண்டாம், அவள் கைக்குப் பொருந்துவது வேண்டும். குழந்தைகளின் எல்லை வயது, உயரத்தைப் பொறுத்தது. '120/80 தானே' என்று விட்டுவிடக் கூடாது.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. ஏஎன்ஏ என்பது செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருட்களைத் தேடும் சோதனை. அது மாதாமாதம் வேண்டாம். சொல்லப் போனால் இனி ஒருபோதும் வேண்டாம். 1948-ல் மயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் லூபஸ் நோயாளிகளிடம் தெரியும் எல்இ செல் என்ற தனி வகைச் செல்லைக் கண்டுபிடிக்கும்வரை லூபஸுக்கென்று தனியாக ஒரு ஆய்வகச் சோதனையே கிடையாது. அதற்குப் பத்தாண்டுகளுக்குள் ஏஎன்ஏ சோதனை வந்தது, கண்டுபிடிப்பதில் பெரிய வசதி ஆயிற்று. ஆனால் அது வாசலில் நிற்கும் சோதனை. 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டு விதியில் ஏஎன்ஏ 1:80 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மேற்கொண்டு மதிப்பெண் போடவே தொடங்குவார்கள். வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. நோய் அடங்கினாலும் ஏஎன்ஏ அப்படியே இருக்கும். 1:1280 என்பது 1:320 ஆனால் குணமாகிறது என்றோ, 1:2560 ஆனால் மோசம் என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. கணவரிடம் சொல்லுங்கள்: அந்த எண் மகளின் நோயை அளக்கவில்லை. அதற்காக அவளுக்கு ஒரு முறைகூட ஊசி குத்த வேண்டாம்.

ஆன்டி ஸ்மித், ஆன்டி ஆர்என்பி, ரோ, லா என்ற மற்ற எதிர்ப்பொருள் சோதனைகளும் இதே மாதிரிதான். நோய் தெரிந்தபோது எடுத்திருப்பார்கள், பெரும்பாலும் திரும்ப எடுக்கத் தேவையில்லை. ரோ பாசிட்டிவ் என்றால் அதை ஒரு காகிதத்தில் குறித்துப் பத்திரமாக வையுங்கள், அவள் வளர்ந்து தாயாகும்போது அந்தச் செய்தி மருத்துவருக்குத் தேவைப்படும். ஃபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள் மட்டும் விதிவிலக்கு. ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் அது ரத்தம் உறைந்து கட்டுவதோடு சம்பந்தப்பட்டது. எடுத்தார்களா என்று பழைய ஃபைலில் பாருங்கள்.

ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனைகள். ஈஎஸ்ஆர் 38, சிஆர்பி நார்மல் என்பது லூபஸுக்கே உரிய ஒரு விசித்திரம். மற்ற பல அழற்சி நோய்களில் இரண்டும் கைகோர்த்து ஏறும். லூபஸில் இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞைப் பொருள் அதிகமாக இருக்கும், அது கல்லீரல் சிஆர்பி செய்வதை அடக்கி வைக்கிறது. (குழந்தைகளின் ரத்தத்தில் இந்த இன்டர்ஃபெரான் தடயம் இருப்பது 2003-லேயே மரபணு ஆய்வில் தெளிவாகக் காட்டப்பட்டது. ஆனாலும் அதை அளப்பது இன்னும் வழக்கமான பரிசோதனை ஆகவில்லை. யாராவது எடுக்கச் சொன்னால், அதனால் சிகிச்சையில் என்ன மாறும் என்று கேளுங்கள்.) இதில் உங்களுக்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. நாளை அவளுக்குக் காய்ச்சல் வந்து சிஆர்பி மிகவும் உயர்ந்திருந்தால் முதலில் தொற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். நெஞ்சைச் சுற்றி நீர் கோத்தாலும் மூட்டு வீங்கினாலும் லூபஸே சிஆர்பியை ஏற்றும் என்றாலும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும் பிள்ளைக்கு 'இது லூபஸ் காய்ச்சல்தான்' என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

காய்ச்சல் விடாமல் அடித்து, வெள்ளையணு, தட்டணு எல்லாம் ஒன்றாகச் சரிந்து, ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதம் பல மடங்கு ஏறினால் அது வேறு ஆபத்து. நோய் எதிர்ப்பு செல்கள் கட்டுக்கடங்காமல் போகும் நிலை அது. அப்போது ஈஎஸ்ஆர் கீழே இறங்கும், பார்ப்பவர் குணமாகிறது என்று ஏமாந்து போகலாம். அரிது, ஆனால் மணிக்கணக்கு முக்கியம்.

ரிப்போர்ட்டில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கையையும் பாருங்கள். லூபஸ் எழும்பும்போது அது குறையும், மருந்தாலும் குறையலாம். சின்னக் குழந்தைகளுக்கு இயல்பிலேயே பெரியவர்களைவிட அதிகம் இருக்கும் என்பதால், பெரியவர் அளவை அச்சடித்த ரிப்போர்ட் 'நார்மல்' என்று சொன்னாலும் அது அந்தக் குழந்தைக்குக் குறைவாக இருக்கக்கூடும்.

இன்னொன்றை மனத்தாங்கல் இல்லாமல் கேளுங்கள். அவள் மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறாளா? பதின்ம வயதில் எண்கள் திடீரென்று மாறினால் நான் முதலில் யோசிப்பது இதைத்தான். முகம் உப்பினால் தோழிகள் கேட்பார்கள், மாத்திரை கசக்கும், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றும். 'நேற்று போட்டாயா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். 'எல்லோருக்கும் விட்டுப் போகும்டா, இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப் போச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். விட்டிருந்தால் திட்டாதீர்கள், மருத்துவரிடம் மறைக்கவும் செய்யாதீர்கள். அது தெரியாமல் புது மருந்து சேர்த்தால் பிள்ளைதான் கஷ்டப்படுவாள். ஸ்டீராய்டை மட்டும் ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது என்பதை அவளுக்கே புரியவையுங்கள். அவளுடைய உடல் தானாகச் சுரக்க வேண்டியதைக் குறைத்துவிட்டிருக்கும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.-க்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான வரம்பு. வளரும் பிள்ளை, எடை கூடியிருக்கும், ஒன்றரை வருடத்துக்கு முன் போட்ட அளவே இப்போது போதாமல் இருக்கலாம். அதையும் கேளுங்கள். வெயிலில் விளையாடுகிறாள் என்றால் தொப்பி, முழுக்கை, சன்ஸ்கிரீன் தவறாமல் இருக்கட்டும். புற ஊதாக் கதிர் தோல் செல்களை உடைத்து நோயைக் கிளறும்.

நான்கு வாரத்துக்குள்ளேயே போக வேண்டிய அறிகுறிகள்: காலையில் இமை வீக்கம், கணுக்கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், கடும் தலைவலி, மூச்சை இழுத்தால் நெஞ்சு வலி, கொத்துக் கொத்தாக முடி உதிர்தல், வாயில் வலியில்லாத புண். படிப்பில் திடீர்ச் சரிவு, குணத்தில் மாற்றம், இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வது போன்றவையும் இதில் அடங்கும். லூபஸ் மூளையையும் தொடும், பெற்றோர் அதை 'வயசுக்கோளாறு' என்று விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உங்கள் மகன். எந்தத் தொந்தரவும் இல்லாத 7 வயதுப் பையனுக்கு ஏஎன்ஏ எடுக்காதீர்கள். கூடப் பிறந்தவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆனாலும் பெரும்பான்மையானவர்களுக்கு வருவதே இல்லை. ஆரோக்கியமானவர்களிலேயே 100-ல் ஏறத்தாழ 13 பேருக்கு 1:80 அளவிலும், 5 பேருக்கு 1:160 அளவிலும் ஏஎன்ஏ பாசிட்டிவ் வரும். லூபஸ் நோயாளிகளின் ரத்த உறவுகளில் அது இன்னும் சகஜம். பாசிட்டிவ் வந்தால் அவனுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது, உங்களுக்குத்தான் இன்னொரு கவலை கூடும். மூட்டு வீக்கம், காரணமில்லாத நீண்ட காய்ச்சல், வெயில் பட்டால் தடிப்பு என்று ஏதாவது வந்தால் அப்போது பார்க்கலாம். விதிவிலக்கு ஒன்றுதான்: 5 வயதுக்குள் லூபஸ் வந்த குழந்தை, அல்லது மொத்த காம்ப்ளிமென்ட் சோதனையான சிஎச்50 பூஜ்யமாகவே வரும் குழந்தை இருந்தால், காம்ப்ளிமென்ட் புரதம் ஒன்று பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம். அந்தப் புரதங்களில் ஒன்றான சி1கியூ இல்லாமல் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது, அங்கே உடன்பிறப்புகளையும் சோதிப்பதில் அர்த்தம் உண்டு. உங்கள் மகளுக்கு 11, 12 வயதில் வந்தது, அதனால் வாய்ப்பு குறைவு. சிஎச்50 எப்போதாவது எடுத்தார்களா என்று ஃபைலில் பாருங்கள். அது பூஜ்யம் என்று இருந்தாலும் உடனே முடிவுக்கு வராதீர்கள், ரத்த மாதிரி லேப்பில் வெளியே கிடந்து சூடேறினாலே அந்தச் சோதனை பொய்யாகக் குறையும். புது மாதிரியில் ஒரு முறை திரும்ப எடுத்துவிட்டு, அப்போதும் பூஜ்யமாக இருந்தால் மகனைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.